இத்தாலிய இலக்கியமும் பண்பாடும்: பல்கலைக்கழகத்தில் படிக்க விரும்புவோருக்கு ஒரு வழிகாட்டி

இத்தாலிய இலக்கியத்தைப் பட்டப் படிப்பாக எடுத்துக்கொள்ள நினைப்பவர்கள் பெரும்பாலும் விண்ணப்பம், விசா, கட்டணம் என்ற வரிசையிலேயே யோசிக்கத் தொடங்குகிறார்கள். அவற்றைத் தள்ளிவிட முடியாது. கீழே அவற்றுக்கும் இடம் உண்டு. ஆனால் சேர்ந்த பிறகு ஒருவர் தேறுகிறாரா, திணறுகிறாரா என்பதை முடிவு செய்வது வேறொன்று. மூல நூலின் ஒரு பக்கத்தைத் திறந்து வைத்து, உரக்கப் படித்து, இன்றைய இத்தாலிய மொழியில் பொருள் சொல்லி, அது ஏன் அப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பத்து நிமிடம் பேச அவரால் முடிகிறதா என்பதே அது. இத்தாலியப் பல்கலைக்கழகங்களில் இலக்கியத் தேர்வு என்றால் அநேகமாக வாய்மொழித் தேர்வுதான். ஆகவே பட்டத்தைத் தேர்ந்தெடுப்பது முதல் நூல்களை வாசிக்கும் வரிசை வரை எல்லாவற்றையும் அந்தத் தேர்வு மேசையை மனத்தில் வைத்தே திட்டமிடுவது நல்லது.

எந்தப் பட்டம்?

இத்தாலியில் இளநிலைப் பட்டம் 3 ஆண்டுகள், 180 கிரெடிட். முதுநிலைப் பட்டம் 2 ஆண்டுகள், 120 கிரெடிட். முனைவர் படிப்பு குறைந்தது 3 ஆண்டுகள். ஒரு கிரெடிட் என்பது வகுப்பும் வீட்டு வாசிப்பும் சேர்ந்து 25 மணி நேர உழைப்பு என்று கணக்கிடப்படுகிறது. 12 கிரெடிட் உள்ள ஒரு பாடத்துக்கு 300 மணி நேரம் ஆகும். அதில் வகுப்பறையில் கழிவது ஐந்தில் ஒரு பங்கு அளவே. மிச்சமெல்லாம் நீங்களும் புத்தகமும்தான்.

வெளிநாட்டு மாணவர்கள் அதிகம் தடுமாறுவது பட்டங்களின் பெயர்களில். 'லெத்தெரே' என்ற இளநிலைப் பட்டத்தில் இத்தாலிய இலக்கியம், இத்தாலிய மொழி வரலாறு, லத்தீன், மொழியியல், வரலாறு ஆகியவை நடுவில் நிற்கும். 'லிங்குவே' என்று தொடங்கும் பட்டத்தில் இத்தாலியர்கள் பிற நாட்டு மொழிகளையும் இலக்கியங்களையும் படிக்கிறார்கள். அங்கே இத்தாலிய இலக்கியம் ஓரிரு தாள்களோடு முடிந்துவிடும். காவியக் கவிஞர் தாந்தேயைத் தேடிக்கொண்டு போய் இரண்டாவதில் விண்ணப்பித்துவிடுகிறவர்கள் உண்டு. முதுநிலையில் நீங்கள் தேட வேண்டிய பெயர்கள் 'இத்தாலியனிஸ்திக்கா', 'ஃபிலோலொஜியா மொதேர்னா' என்பவை. திரைப்படம், நாடகம், இசை ஆகிய பக்கங்களில்தான் நாட்டம் என்றால் 'தாம்ஸ்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் பட்டத்தைப் பாருங்கள். 1970களின் தொடக்கத்தில் பொலோஞாவில் பிறந்த அந்தப் படிப்பில் உம்பெர்த்தோ எக்கோ கற்பித்திருக்கிறார், இன்று வேறு பல நகரங்களிலும் அது இருக்கிறது. இத்தாலிய மொழியைப் பிறருக்குக் கற்பிக்கும் ஆசிரியராவது நோக்கம் என்றால், பெருஜாவிலும் சியேனாவிலும் வெளிநாட்டவருக்கென்றே உள்ள இரண்டு அரசுப் பல்கலைக்கழகங்கள் பொருத்தமானவை.

முதுநிலைக்கு விண்ணப்பிப்பவர்கள் ஒன்றை முன்கூட்டியே சரிபார்த்துக்கொள்ள வேண்டும். வேறு துறையில் இளநிலை முடித்துவிட்டு இலக்கியத்துக்குத் தாவுவது இத்தாலியில் எளிதல்ல. இத்தாலிய இலக்கியம், மொழியியல், லத்தீன், வரலாறு முதலிய பாடப்பிரிவுகளில் இத்தனை கிரெடிட் ஏற்கெனவே பெற்றிருக்க வேண்டும் என்று ஒவ்வொரு பல்கலைக்கழகமும் சேர்க்கை விதிகளில் எழுதி வைத்திருக்கும். உங்கள் மதிப்பெண் பட்டியலையும் ஒவ்வொரு பாடத்தின் விளக்கத்தையும் வைத்து அவர்கள் கணக்குப் பார்ப்பார்கள். குறை இருந்தால் தனித்தனிப் பாடங்களாகச் சேர்ந்து முதலில் அந்தக் கிரெடிட்டை ஈடுகட்டச் சொல்வார்கள். ஆகவே பாடவிளக்கங்களைப் பழைய கல்லூரியிலிருந்து இப்போதே கேட்டு வாங்கி வையுங்கள். கடைசி வாரத்தில் கேட்டால் கிடைக்காத காகிதம் இது.

பொலோஞா பல்கலைக்கழகம் 1088ஆம் ஆண்டைத் தன் தொடக்கமாகச் சொல்கிறது. பாதுவா 1222இல் பிறந்தது. பீசாவின் ஸ்குவோலா நொர்மாலே நெப்போலியனின் ஆணையால் 1810இல் நிறுவப்பட்டு, இன்றும் கடுமையான நுழைவுத் தேர்வின் வழியே சிலரை மட்டும் சேர்த்துக்கொள்கிறது. இந்தப் பெருமைகளைப் பார்த்து மட்டும் முடிவெடுப்பதை நான் ஏற்கமாட்டேன். ஒவ்வொரு பாடத்துக்கும் ஆண்டுதோறும் 'புரொக்ராம்மா' என்ற பாடத்திட்டப் பக்கம் வெளியாகிறது. எந்த நூல்கள், எந்தப் பதிப்பு, எந்த விமர்சன நூல், தேர்வு எப்படி நடக்கும் என்பதெல்லாம் அதில் இருக்கும். உங்களுக்குப் பிடித்த மூன்று நகரங்களின் இத்தாலிய இலக்கியப் பாடத்திட்டங்களை அருகருகே வைத்துப் படித்தால், எந்தத் துறை பழைய சுவடிகளின் பக்கம் சாய்கிறது, எது இருபதாம் நூற்றாண்டில் வலுவாக இருக்கிறது என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

இத்தாலிக்கு வெளியே படிப்பதும் குறைந்த வழியல்ல. பிரிட்டனின் பல பல்கலைக்கழகங்களில் ஒரு சொல்லும் தெரியாமல் சேர்ந்து, நான்காண்டுப் படிப்பின் நடுவே ஓராண்டை இத்தாலியில் கழித்து முடிக்கலாம். மொழியை ஆரம்பத்திலிருந்து கற்க வேண்டியவர்களுக்கு அது இத்தாலியில் நேராகச் சேர்வதைவிட நிதானமான பாதை.

மொழி: சான்றிதழுக்கு அப்பால்

இத்தாலிய மொழியில் நடக்கும் படிப்புகளுக்குப் பொதுவாக ஐரோப்பிய மொழித்திறன் சட்டகத்தின் பி2 என்ற மேல் இடைநிலை கேட்கப்படுகிறது. சியேனா நடத்தும் சில்ஸ், பெருஜா நடத்தும் செலி, தாந்தே அலிகியேரி சங்கத்தின் பிளிதா, ரோமா த்ரே பல்கலைக்கழகத்தின் தேர்வு ஆகிய நான்கும் இதற்கு ஏற்கப்படும் சான்றிதழ்கள். பி2 உங்களை வாசலுக்குள் விடும், அவ்வளவுதான். விரிவுரையைக் கேட்டுக் குறிப்பெடுக்க அது போதும். பதினான்காம் நூற்றாண்டுச் செய்யுளைப் படிக்கப் போதாது.

இதில் ஆறுதலும் ஆபத்தும் சேர்ந்தே இருக்கின்றன. தாந்தே 1321இல் இறந்தார். எழுநூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அவர் பயன்படுத்திய அடிப்படைச் சொற்களில் பெரும்பகுதி இன்றும் வழக்கில் இருக்கிறது, ஏனென்றால் பதினாறாம் நூற்றாண்டில் எழுத்து மொழிக்கான இலக்கணம் வகுத்தவர்கள் பதினான்காம் நூற்றாண்டு ஃபுளோரென்ஸையே அளவுகோலாக வைத்தார்கள். பியெத்ரோ பெம்போ 1525இல் வெளியிட்ட உரையாடல் நூலில் செய்யுளுக்குப் பெத்ரார்க்காவும் உரைநடைக்குப் பொக்காச்சியோவும் முன்மாதிரி என்று நிறுவியது இந்தப் போக்கை உறுதிப்படுத்தியது. ஆபத்து என்னவென்றால், சொல் பழக்கமானதாகத் தெரிவதாலேயே பொருளும் பழக்கமானது என்று நினைத்துவிடுகிறோம். வடிவம் மாறாமல் பொருள் மட்டும் நகர்ந்துவிட்ட சொற்கள் பழைய கவிதையில் வரிக்கு வரி கிடக்கின்றன. அடிக்குறிப்பு இல்லாத மலிவுப் பதிப்பில் தாந்தேயைப் படிக்கக்கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

தமிழ் பேசுகிறவர்களுக்கு ஒரு சிறு அனுகூலம் உண்டு. படம், பட்டம் என்று ஒற்றை மெய்யையும் இரட்டை மெய்யையும் பிரித்து உச்சரிக்கப் பழகிய வாய்க்கு, பிற ஐரோப்பிய மாணவர்கள் ஆண்டுக்கணக்கில் போராடும் இத்தாலிய இரட்டை மெய்கள் இயல்பாக வந்துவிடும். உரக்கப் படிக்கச் சொல்லும் தேர்வில் இது வீண்போகாது.

வாசிப்பின் வரிசை

பாடநூல்கள் பதின்மூன்றாம் நூற்றாண்டில், பேரரசர் இரண்டாம் ஃபிரெடரிக்கின் சிசிலி அரசவையில் தொடங்கும். பதினான்கு அடிகள் கொண்ட சானெட் என்ற கவிதை வடிவத்தை முதலில் படைத்தவராகச் சொல்லப்படும் ஜாக்கோமோ தா லெந்தீனி அந்த அவையைச் சேர்ந்தவர். வரலாற்றைப் புரிந்துகொள்ள அந்த வரிசை சரி. சொந்தமாக வாசிக்கத் தொடங்குகிறவர்களுக்கு நான் எதிர்த்திசையையே சொல்வேன். முதலில் இருபதாம் நூற்றாண்டு உரைநடை. நத்தாலியா கின்ஸ்புர்கின் வாக்கியங்கள் குட்டையானவை, வீட்டுப் பேச்சின் ஓட்டம் கொண்டவை, பிரிமோ லெவியின் உரைநடை வேதியியலாளருக்குரிய துல்லியம் உடையது, கால்வினோ தெளிவானவர். இவர்களில் இருவரையாவது அகராதியைக் குறைவாகப் புரட்டிப் படிக்க முடிந்த பிறகு பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கவிஞர் லெயோபார்தி, பிறகு நாவலாசிரியர் மன்சோனி, அதன்பின் தாந்தே, கடைசியாகப் பெத்ரார்க்கா. பெத்ரார்க்காவைக் கடைசியில் வைப்பது பலருக்கு விநோதமாகப் படலாம். அவருடைய சொற்கள் எளியவை, வாக்கியங்களும் அவ்வளவு கடினமல்ல. ஆனால் 366 கவிதைகளில் ஒரே சில சொற்கள் எவ்வளவு நுட்பமாகத் திரும்பத் திரும்ப இடம் மாறி வருகின்றன என்பது, இத்தாலிய யாப்பு காதில் ஏறிய பிறகே கேட்கும்.

தாந்தேயின் 'கொம்மேதியா' 100 காண்டங்கள். நரகம் 34, தூய்மையுலகம் 33, சொர்க்கம் 33. மொத்தம் 14,233 அடிகள். முதல் ஆண்டில் முழுவதையும் மொழிபெயர்ப்பில் ஓட்டி முடிப்பதைவிட, பத்துக் காண்டங்களை மூலத்தில் ஊன்றிப் படிப்பது மேல் என்பது என் எண்ணம். நரகத்தின் 1, 5, 10, 26, 33 ஆகியவற்றை அந்தப் பத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். 26ஆம் காண்டத்தில் கிரேக்கக் காவிய வீரன் யுலிசீஸ் தன் கடைசிக் கடற்பயணத்தைச் சொல்கிறான். அதைப் படிக்கும் வாரத்திலேயே, 1947இல் முதலில் வெளிவந்த லெவியின் அவுஷ்விட்ஸ் நினைவு நூலில் 'யுலிசீஸின் காண்டம்' என்ற அத்தியாயத்தையும் படியுங்கள். முகாமில் சூப்புப் பானையை எடுத்துவர நடந்து போகும் வழியில், தன்னோடு வரும் பிரெஞ்சு இளைஞனுக்கு இத்தாலிய மொழியைக் கற்பிக்க லெவி இந்தக் காண்டத்தை நினைவிலிருந்து சொல்லிப் பார்க்கிறார். சில அடிகள் வருகின்றன, சில மறந்துபோகின்றன. பதினான்காம் நூற்றாண்டுக் காவியம் ஒன்று ஒரு பண்பாட்டில் என்னவாக இருக்கிறது என்பதை விளக்க எந்த விரிவுரையும் இதற்கு இணையாகாது. தேர்விலும் இந்த இரண்டையும் இணைத்துப் பேசுகிற மாணவரைப் பேராசிரியர்கள் இடைமறிப்பதில்லை.

ஊன்றிப் படிப்பது என்றால் என்ன? லெயோபார்தி 1819இல் எழுதிய 'முடிவின்மை' என்ற கவிதையை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 15 அடிகள், ஒவ்வோர் அடியும் பதினோர் அசை, எதுகை இல்லை. ஒரு குன்று, அடிவானத்தை மறைக்கும் ஒரு வேலி, அங்கே உட்கார்ந்து அதற்கப்பால் உள்ள வெளியை மனத்தில் புனையும் ஒருவர், இலைகளில் காற்று, கடைசியில் எண்ணம் மூழ்கிப்போகும் கடல். இவ்வளவையும் முதல் வாசிப்பில் சொல்லிவிடலாம். இரண்டாம் வாசிப்பில் சுட்டுச்சொற்களை மட்டும் பென்சிலால் வட்டமிடுங்கள். தொடக்கத்தில் 'இந்தக் குன்று', 'இந்த வேலி'. மனம் அதைத் தாண்டியதும் அதே வேலி 'அது' ஆகிவிடுகிறது. காற்று 'இந்தச் செடிகளுக்குள்' அசைகிறது. அந்தச் சத்தம் 'இந்தக் குரல்'. அதோடு ஒப்பிடப்படும் முடிவற்ற மௌனம் 'அந்த மௌனம்'. இறுதி மூன்றடிகளில் எட்டாத தொலைவில் இருந்தது எல்லாம் 'இந்தப் பெருவெளி', 'இந்தக் கடல்' என்று அருகே வந்துவிடுகிறது. குன்றை விட்டு எழுந்திருக்காமலே கவிஞர் செய்த பயணத்தை இந்தச் சின்னஞ்சிறு சொற்களே நடத்தி முடிக்கின்றன. மூன்றாம் வாசிப்பில் அடிமுறிவைப் பாருங்கள்: 'அந்த' என்பது ஓர் அடியின் முடிவிலும் 'முடிவற்ற மௌனம்' அடுத்த அடியின் தொடக்கத்திலும் நிற்கின்றன, 'இந்தப் பெருவெளி' என்பதும் அவ்வாறே இரண்டாகப் பிளந்திருக்கிறது. உரக்கப் படிக்கும்போது அந்த விளிம்பில் மூச்சு ஒரு கணம் தொங்கும். இவ்வளவு கவனித்துவிட்டால் பத்து நிமிடப் பேச்சுக்கு விமர்சன நூலின் துணைகூடத் தேவையில்லை.

நூல் எப்படி நம் கைக்கு வந்தது என்பதும் இந்தப் படிப்பின் பெரும் பகுதி. இத்தாலியத் துறைகளில் சுவடியியலுக்கு இருக்கும் மதிப்பு வெளியிலிருந்து வருகிறவர்களை வியக்கவைக்கும். தாந்தேயின் கையெழுத்தில் ஒரு வரிகூட மிஞ்சவில்லை. 'கொம்மேதியா'வின் பல நூறு கையெழுத்துப் பிரதிகளை ஒப்பிட்டுத்தான் பாடத்தை நிறுவ வேண்டியிருக்கிறது. அவருக்குப் பிந்திய தலைமுறையின் பெத்ரார்க்கா தம் கவிதைத் தொகுப்பின் ஒரு பகுதியைத் தாமே எழுதிய பிரதி வத்திக்கான் நூலகத்தில் இருக்கிறது. பொக்காச்சியோ தம் கையால் படியெடுத்த 'தெக்காமெரோன்' பெர்லினில் இருக்கிறது. அரியோஸ்தோ தம் காவியத்தை 1516, 1521, 1532 என்று மூன்று முறை மாற்றி வெளியிட்டார். ஒரே பத்தியின் இரண்டு வடிவங்களை அருகருகே வைத்து, எது ஏன் மாறியது என்று கேட்பது தேர்வுகளில் அடிக்கடி நடக்கும். மன்சோனியின் நாவல் இதற்கு வசதியான பயிற்சிக்களம். 1827இல் வந்த வடிவத்தை அவர் ஃபுளோரென்ஸின் பேச்சு மொழிக்கு நெருக்கமாக மாற்றி 1840க்கும் 1842க்கும் இடையில் மீண்டும் வெளியிட்டார். இரண்டும் இன்று அச்சில் கிடைக்கின்றன.

ஒரே இத்தாலி என்று ஒன்றில்லை

இத்தாலி 1861இல்தான் ஒரே அரசாயிற்று. அந்த ஆண்டில் இத்தாலிய மொழியைப் பேசத் தெரிந்தவர்கள் மக்களில் 2.5 விழுக்காடு மட்டுமே என்று மொழியியலாளர் துல்லியோ தே மவுரோ 1963இல் மதிப்பிட்டார். பின்னர் அரிகோ கஸ்தெல்லானி அதைப் பத்து விழுக்காட்டை ஒட்டி உயர்த்தினார். எந்தக் கணக்கை ஏற்றாலும், பெரும்பான்மையோர் வெனிசியம், நாப்போலியம், சிசிலியம் போன்றவற்றையே பேசி வாழ்ந்தார்கள் என்பது மாறாது. இவை இத்தாலிய மொழியின் சிதைவுகள் அல்ல, லத்தீனிலிருந்து தனித்தனியே வளர்ந்தவை; 'வட்டாரப் பேச்சு' என்று நீங்கள் அலட்சியமாகச் சொன்னால் மொழி வரலாற்றுப் பேராசிரியரின் முகம் மாறும். கோல்தோனியின் நகைச்சுவை நாடகங்கள் பல வெனிசிய மொழியில் உள்ளன. பெல்லி ரோம் நகரப் பேச்சில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சானெட்டுகள் எழுதினார். பசோலினி கவிஞராக அறிமுகமானது ஃப்ரியுலி மொழியில். கத்தா ஒரே துப்பறியும் கதைக்குள் பல பேச்சுகளைக் கலந்து கொந்தளிக்கவைத்தார்.

கார்லோ தியோனிசொத்தி 1967இல் வெளியிட்ட கட்டுரைத் தொகுப்பு, இத்தாலிய இலக்கியத்தைக் காலத்தால் மட்டுமல்லாமல் இடத்தாலும் படிக்க வேண்டும் என்பதை நிலைநாட்டியது. அதற்கு ஏறக்குறைய நூறாண்டு முன்னர், ஒன்றிணைப்பின் சூட்டில், ஃபிரான்செஸ்கோ தே சாங்திஸ் தம் இலக்கிய வரலாற்றை ஒரே தேசத்தின் கதையாக எழுதியிருந்தார். இந்த இரண்டையும் முதலாண்டிலேயே ஓரளவு படித்துவிடுபவருக்கு, பின்னால் வரும் விவாதங்களில் பாதி புரிந்துவிடும். நடைமுறையில் செய்ய வேண்டியது எளிது: ஒவ்வோர் எழுத்தாளரின் பெயருக்கு அருகிலும் ஆண்டோடு ஊரையும் எழுதி வையுங்கள். ஸ்வேவோ த்ரியெஸ்தேக்காரர், அவருடைய முக்கிய நாவல் 1923இல் வந்தபோது அந்த நகரம் இத்தாலியோடு சேர்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. வெர்கா சிசிலியர், ஆனால் 1881இல் சிசிலி மீனவர்களின் கதையை வெளியிட்டது மிலானில். உங்கரெத்தி பிறந்தது எகிப்தின் அலெக்சாந்திரியாவில். இந்த இடக்குறிப்புகள் பல நேரங்களில் பாணியையே விளக்கிவிடும்.

பண்பாடு என்ற தலைப்பின் கீழ் வரும் பாடங்களுக்கும் இதே அணுகுமுறை பொருந்தும். ஓவியம், இசைநாடகம், திரைப்படம், அரசியல் வரலாறு என்று எல்லாவற்றிலும் ஒரு தாள் எடுத்து நுனிப்புல் மேய்வதைவிட, ஒன்றைப் பிடித்து இரண்டு மூன்று தாள்கள் தொடர்ந்து படிப்பது பயன் தரும். 1945இல் ரொஸ்ஸெல்லீனியும் 1948இல் தே சீக்காவும் எடுத்த படங்களோடு அதே ஆண்டுகளின் உரைநடையைச் சேர்த்துப் படிக்கலாம். 1607இல் மாந்துவாவில் அரங்கேறிய மொந்தெவெர்தியின் 'ஒர்ஃபேயோ' இசைநாடகத்தோடு அக்கால மேய்ச்சல் நிலக் கவிதையைச் சேர்த்துப் படிக்கலாம். எதை எடுத்தாலும், 1922 முதல் 1943 வரை நீண்ட பாசிச ஆட்சியின் வரலாற்றை ஒரு முறையாவது ஒழுங்காகப் படித்துவிடுங்கள். இருபதாம் நூற்றாண்டு எழுத்தாளர் எவரைப் பற்றிப் பேசினாலும் அது குறுக்கே வரும். அந்த ஆட்சி சிறையில் அடைத்த சிந்தனையாளர் கிராம்சியின் சிறைக் குறிப்பேடுகளை அப்போதே தொடங்குவது பொருத்தம்.

வாய்மொழித் தேர்வு

இலக்கியப் பாடம் ஒன்றின் தேர்வுக்குப் பொதுவாக இரண்டு பகுதிகள் இருக்கும்: இலக்கிய வரலாறும் முதன்மைப் படைப்புகளும் அடங்கிய பொதுப் பகுதி ஒன்று, பேராசிரியர் அந்தப் பருவத்தில் எடுத்து நடத்திய ஒரு தலைப்பைச் சார்ந்த சிறப்புப் பகுதி மற்றொன்று. வகுப்புக்கு வந்தவர்களுக்கும் வராதவர்களுக்கும் தனித்தனி நூல் பட்டியல் இருப்பதும் உண்டு; வராதவர்களின் பட்டியல் நீளமாக இருக்கும். தேர்வுகள் பெரும்பாலும் ஜனவரி–பிப்ரவரி, ஜூன்–ஜூலை, செப்டம்பர் ஆகிய காலங்களில் நடக்கின்றன. ஒவ்வொரு தேர்வு நாளும் 'அப்பெல்லோ' எனப்படும். இணையத்தில் குறித்த நாளுக்குள் பெயர் பதிய மறந்தவருக்கு அன்று இடமில்லை.

இந்தத் தேர்வுகள் திறந்த அறையில், பிறர் முன்னிலையில் நடப்பவை. உங்கள் முறை வருவதற்கு முந்திய தேர்வு நாளிலேயே போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்து கேளுங்கள், யாரும் தடுக்கமாட்டார்கள். ஒருவர் உள்ளே அழைக்கப்படுகிறார். மேசைக்கு அப்பால் பேராசிரியரும் அவருடைய உதவியாளரும். முதல் கேள்வி பல நேரங்களில் 'உங்களுக்குப் பிடித்த ஒரு தலைப்பில் தொடங்குங்கள்' என்பதாக இருக்கும். இது சலுகை போலத் தோன்றும், ஆயத்தமில்லாதவரை இதுவே கவிழ்க்கும். பிறகு நூலைத் திறந்து ஒரு பக்கத்தைக் காட்டுவார்கள். படிக்க வேண்டும், பொருள் சொல்ல வேண்டும், விளக்க வேண்டும். அடிமுறிவில் நிற்கத் தெரியாமல் தட்டுத்தடுமாறிப் படிப்பவருக்கு அடுத்து என்ன கேள்வி வரும் என்பதைப் பின்வரிசையிலிருந்தே ஊகித்துவிடலாம்.

மதிப்பெண் முப்பதுக்கு; 18 எடுத்தால் தேர்ச்சி; மிகச் சிறந்தவருக்கு 30க்கு மேல் 'லோதே' என்ற பாராட்டும் சேரும். கொடுத்த மதிப்பெண் பிடிக்கவில்லை என்றால் பொதுவாக அதை மறுத்துவிட்டு அடுத்த தேர்வு நாளில் மீண்டும் வரலாம். 21 கிடைத்த முதல் கணத்தில் ஏற்பதா மறுப்பதா என்று மேசையிலேயே தடுமாறாமல், எதுவரை ஏற்பது என்பதை முன்னாளே முடிவு செய்துகொள்ளுங்கள். மறுத்துக்கொண்டே போனால் பாடங்கள் தேங்கி, மூன்றாண்டுப் படிப்பு ஐந்தாண்டாக நீளும். அப்படிக் காலம் கடந்தவர்களுக்கு 'ஃபுவோரி கோர்சோ' என்று தனிப் பெயரே இருக்கிறது.

பயிற்சிக்கு ஒரே வழி, பேசிப் பார்ப்பதுதான். பட்டியலில் உள்ள ஒவ்வொரு கவிதையையும் அத்தியாயத்தையும் எடுத்து, கைபேசியில் பதிவு செய்தபடி பேசுங்கள். மறுநாள் அதைக் கேளுங்கள். எங்கே நூலை விட்டுவிட்டு ஆசிரியரின் வாழ்க்கை வரலாற்றுக்குத் தப்பி ஓடினீர்கள் என்பது காதில் விழும். பேராசிரியரிடம் பேசும்போதும் மின்னஞ்சல் எழுதும்போதும் 'லேய்' என்ற மரியாதை வடிவத்தையே பயன்படுத்த வேண்டும். வாரந்தோறும் அவர்கள் மாணவர்களைச் சந்திக்கும் நேரத்துக்கு 'ரிச்செவிமெந்தோ' என்று பெயர். வெளிநாட்டு மாணவர்கள் தயங்கி நிற்கும் இடம் இது. தயங்க வேண்டியதில்லை, ஆனால் கேள்வியை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.

கருவிகள்

சொல்லுக்கு முதலில் த்ரெக்கானியின் இணைய அகராதி. எழுத்தாளரின் வாழ்க்கைக்கு அதே நிறுவனத்தின் இத்தாலியர் வாழ்க்கை வரலாற்று அகராதி. ஒரு சொல் நூற்றாண்டுகளில் எப்படிப் பயன்பட்டது என்பதற்கு 21 தொகுதிகள் கொண்ட பத்தாலியாவின் பேரகராதி. 1583இல் ஃபுளோரென்ஸில் தோன்றிய குருஸ்கா அக்காதெமியா என்ற மொழிக் கழகம் 1612இல் வெளியிட்ட அகராதியின் பதிப்புகளையும் இணையத்தில் தேடிப் பார்க்கலாம். தாந்தேக்கு, எழுபதுக்கும் மேற்பட்ட உரைகளை அடிவாரியாகத் தேடித்தரும் டார்ட்மத் கல்லூரியின் தரவுத்தளம் இருக்கிறது. ஒரே அடிக்கு பதினான்காம் நூற்றாண்டு உரையாசிரியரும் இருபதாம் நூற்றாண்டு உரையாசிரியரும் சொல்வதை ஒரே திரையில் பார்ப்பது தனி அனுபவம். நீங்கள் விலை கொடுத்து வாங்க வேண்டியது ஒன்றுதான்: பேராசிரியர் குறிப்பிட்ட உரைப் பதிப்பு. வேறு பதிப்போடு தேர்வுக்குப் போனால் பக்க எண்ணும் குறிப்பும் பொருந்தாமல் நேரம் வீணாகும்.

காகிதங்களும் பணமும்

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து விசாவுக்காக வருபவர்கள் யுனிவர்சிட்டாலி இணையவாசலில் முன்பதிவு செய்ய வேண்டும். இளநிலைக்கு 12 ஆண்டுப் பள்ளிப் படிப்பு அவசியம். சான்றிதழ்களுக்குத் தூதரகம் தரும் மதிப்புச் சான்றோ, சிமேயா மையம் தரும் ஒப்பீட்டுச் சான்றோ கேட்கப்படும். எது வேண்டும் என்பதைச் சேரப்போகும் பல்கலைக்கழகத்திடமே கேளுங்கள். இத்தாலியில் இறங்கி 8 வேலை நாட்களுக்குள் தங்கும் அனுமதிக்கு அஞ்சலகத்தின் வழியே விண்ணப்பிக்க வேண்டும். 'கோதிச்சே ஃபிஸ்காலே' என்ற வரி எண் இல்லாமல் வீட்டு வாடகை ஒப்பந்தமும் வங்கிக் கணக்கும் நகராது. மாணவர் அனுமதியில் வாரம் 20 மணி நேரம்வரை வேலை செய்யலாம்.

அரசுப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் குடும்பத்தின் வருமானத்தையும் சொத்தையும் பொறுத்து ஏறி இறங்கும். வெளிநாட்டில் இருக்கும் குடும்பத்தின் வருமான ஆவணங்களை மொழிபெயர்த்துச் சான்று பெற்றுக் கொடுத்தால்தான் குறைந்த கட்டணத்துக்கும், மாநில அமைப்புகள் வழங்கும் உதவித்தொகை, விடுதி, உணவகச் சலுகை ஆகியவற்றுக்கும் வழி பிறக்கும். இத்தாலிய வெளியுறவு அமைச்சகமும் ஆண்டுதோறும் வெளிநாட்டு மாணவர்களுக்கு உதவித்தொகை அறிவிக்கிறது. இவற்றின் கடைசி நாட்கள் படிப்பில் சேரும் கடைசி நாளுக்கு முன்பே முடிந்துவிடுவது வழக்கம் என்பதால், வருமான ஆவணங்களைச் சேர்க்கைக் கடிதத்துக்குக் காத்திருக்காமல் தயார் செய்யத் தொடங்குங்கள்.

ஆய்வேடு

எல்லாத் தேர்வுகளும் முடிந்த பிறகு பட்டத்துக்கான ஆய்வேடு. இளநிலையில் அது சிறியது. முதுநிலையில் நூறு பக்கங்களைத் தாண்டுவது சாதாரணம். இறுதி மதிப்பெண் 110க்கு. தேர்வுகளின் சராசரியை 110க்கு மாற்றி, அதோடு ஆய்வேட்டுக்குச் சில புள்ளிகள் சேர்ப்பார்கள். சராசரி 27 என்றால் 99இலிருந்து தொடங்குவீர்கள். ஆகவே ஆய்வேட்டால் மட்டும் சராசரியைத் தூக்கி நிறுத்திவிட முடியாது.

தலைப்பைப் பேராசிரியரிடம் கொண்டுபோகும்போது 'பிரான்தெல்லோவில் அடையாளம்' போன்ற அகன்ற தலைப்புகளை அவர் பத்தாவது முறையாகக் கேட்பவராக இருப்பார். ஒரு சிறுகதையின் இரண்டு பதிப்புகளுக்கு இடையிலான மாற்றங்கள், ஓர் இதழின் இரண்டு ஆண்டுகளில் வெளிவந்த மொழிபெயர்ப்புகள், ஒரு கவிஞர் வெளியிடாமல் விட்ட கடிதத் தொகுதி என்று கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய பொருளாகக் கொண்டுபோங்கள். முதல் பட்டத்திலேயே நூலகத்தின் சுவடிப் பிரிவில் உட்காரும் வாய்ப்பு இத்தாலியில் கிடைக்கும். அதை விட்டுவிடுவது புத்திசாலித்தனமல்ல. வெளிநாட்டு மாணவர்களுக்கு இன்னொரு பக்கமும் திறந்திருக்கிறது: தம் மொழியில் ஓர் இத்தாலிய எழுத்தாளர் எப்போது, யார் வழியாக, எந்த இடைமொழியிலிருந்து வந்து சேர்ந்தார் என்ற வரலாறு. இதை எழுதத் தேவையான இரண்டு மொழிகளும் தெரிந்தவர்கள் துறையில் மிகச் சிலரே என்பதால், பேராசிரியர்கள் இதை ஆவலோடு ஏற்பார்கள். முனைவர் படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது ஆய்வுத் திட்டம் ஒன்றை எழுதித் தர வேண்டியிருக்கும். முதுநிலை ஆய்வேட்டில் இடமில்லாமல் ஒதுக்கி வைத்த கேள்விகளை ஒரு கோப்பில் சேர்த்து வைத்திருந்தால் அந்தத் திட்டத்தில் பாதி அப்போதே எழுதப்பட்டிருக்கும்.